நாக்குக்கு அடியில்

இக்னேஷியஸின் நாக்குக்கு அடியில் எமன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் வலது கையின் இரண்டு விரல்களை உள்ளே விட்டு, அவன் மீசையைப் பிடித்து வெளியே இழுத்து, அம்பத்தூர் ஏரியில் எறிந்தேன். அவன் விழுந்த இடத்தில் ஆகாயத்தாமரை கருகிப் போய், ஒரு லாரி வளைந்து திரும்பும் அளவுக்கு வெறும் தண்ணீர் தெரிந்தது.

ஊர் இதை நம்பாததில் எனக்கு வருத்தமில்லை. எத்திராஜ் சொன்னால் பத்தால் வகுத்துக்கொள் என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஒரே பிடியாக நின்றவன் அந்த நாக்குக்குச் சொந்தக்காரன். அதுதான் வினை.

நானும் இக்னேஷியஸும் அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரே கம்பெனியில், ஒரே பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருடம் தகடு அடித்தவர்கள். நூற்றைம்பது டன் பிரஸ் ஒவ்வொரு அடிக்கும் காதுக்குள் ஒரு கல்லைப் போடும். ரிட்டயர் ஆனபோது ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்; அதன் டிக்டிக் இன்றுவரை எங்களில் யாருக்கும் கேட்டதில்லை. அதனால் எங்கள் கூட்டத்தில் ரகசியம் தங்காது. காதோடு காதாக நாங்கள் சொல்வது கொரட்டூரில் நிற்பவனுக்குக் கேட்கும்.

காலையில் ஏரிக்கரையில் பத்துப் பேராக நடந்துகொண்டிருந்தோம். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் துலுக்கானம் நடந்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்தான். "இன்னாபா பண்ணுது?" என்றான் ஒருவன். "நாஷ்டா துன்னியா இல்லியா?" என்றான் இன்னொருவன். "வாய்வாத்தான் இருக்கும், ஓமத் தண்ணி குடு" என்றவன் நான். ஒன்பது பேரும் ஒன்பது கேள்வி கேட்டு முடிப்பதற்குள், பதில் சொல்ல வேண்டாத இடத்துக்கு அவன் போய்விட்டான்.

எலும்பு பொறுக்கிக் காடாத்து முடிந்த மறுநாள் நான் ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் நெஞ்சுவலி மாத்திரை ஒரு சின்ன டப்பாவில் இருக்க வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. எவன் நெஞ்சைப் பிடித்தாலும் பக்கத்தில் நிற்பவன் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. முதலில் வைக்க வேண்டும், பிறகு பேச வேண்டும். 'கேட்காதே, வை.' மாதத்தின் முதல் ஞாயிறு பெப்பர்மிண்ட்டை வைத்து ஒத்திகை. ஏரிக்கரையில் கிழவர்கள் ஒருவன் வாயில் ஒருவன் விரலை விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து, நாய் பிடித்துக்கொண்டு வரும் ஐ.டி. பெண்கள் வழி மாறிப் போவார்கள்.

"டேய் எத்து, மாத்திரை காப்பாத்துதோ இல்லியோ, உன் வெரல் நாத்தமே ஆள எழுப்பிடும்டா" என்பான் இக்னேஷியஸ். ஒத்திகையில் விழுகிற ஆள் எப்போதும் அவன்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கே நெஞ்சில் அடைப்பு என்று தெரிந்தபிறகு, அந்த வேஷத்தை மட்டும் அவன் விட்டுவிட்டான்.

அவன் வீடு மேனாம்பேடு பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை. மனைவி ரோஸி இடியாப்பம் போடுகிறாள். சுற்றிலும் முளைத்த அடுக்குமாடிகளுக்கெல்லாம் காலைச் சாப்பாடு அவள் கைதான். விடிவதற்கு முன்பே மாவு பிசைந்து, அச்சில் அடைத்துப் பிழிய வேண்டும். இருநூறு இடியாப்பம். நான் ஐந்நூறு என்றுதான் சொல்லுவேன். ஆவியில் நிற்கும் அவளைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். முன்பெல்லாம் அச்சைப் பிழிவது இக்னேஷியஸ். பிரஸ் ஓட்டிய கை. அவன் ஒரு அழுத்து அழுத்தினால் மாவு சரஞ்சரமாய் இறங்கும். டாக்டர் பாரம் தூக்காதே, மூச்சுப் பிடிக்காதே என்று சொன்னபிறகு அந்த வேலையும் ரோஸிக்கு வந்தது. அவன் எண்ணிக் கட்டி, மொபெட்டில் வைத்துப் போட்டுவிட்டு வருவான். அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு நாள் இடியாப்பம் வாங்கப் போயிருந்தேன். மூன்று நாள் மழை. ஏரி நிரம்பி, சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து தெருவில் கணுக்கால் அளவு நின்றது. ரோஸி இரண்டு கையையும் அச்சின் மேல் ஊன்றி, குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். இக்னேஷியஸ் வாசலில் உட்கார்ந்து பொட்டலத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, பொம்பள புழியறா, நீ ரப்பர் போட்டுகினு கீறே?" என்றேன். சும்மா வாய்க்கு வந்தது.

அவன் நிமிரவில்லை. "ஆமா, இனிமே ரப்பருக்குத்தான் லாயக்கு."

"அவர ஒண்ணும் சொல்லாதண்ணே" என்றாள் ரோஸி. "மாத்திரைய துன்னு துன்னு ஆளே ஒரு மாதிரி ஆயிட்டாரு. பிரஷருக்கு ரெண்டு, சக்கரைக்கு ரெண்டு, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு. சோறு கம்மி, மாத்திரை ஜாஸ்தி."

"உன்ன எவ கேட்டா?" என்றான் அவன்.

"கேக்காமத்தான் சொல்றேன். ரெண்டு வருசமா ஹால்ல படுக்குறாரு. கேட்டா ஃபேன் காத்து ஆவலன்றாரு. உள்ள இருக்கறதும் அதே ஃபேனுதான? ஒரே கடையில வாங்கனது."

"வாய மூடுறியா?"

அச்சிலிருந்து மாவு இறங்குவது நின்று, ஆவி மட்டும் போய்க்கொண்டிருந்தது. நான் தேங்காய்ப்பால் தூக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் என் மனைவி கண்ணம்மாவிடம் சொன்னபோது அவள், "உங்களுக்கு இன்னா தெரியும்? ரோஸி எங்கிட்ட அழுதிச்சி. தன்னப் பாத்தாலே அவருக்கு ஆவலன்னு நெனைச்சிகினு கீது" என்றாள். நான் இடியாப்பத்தைத் தின்றேன்.

மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு படுக்கையில் உடம்பு அப்படிச் சோர்ந்து போவது அவன் ஒருவனுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. கரையில் நடக்கும் ஒன்பது பேரில் பாதிப் பேருக்கு உண்டு. டாக்டரிடம் கேட்டிருந்தால் அவர் மருந்தை மாற்றிப் பார்த்திருப்பார். ஆனால் எந்த மருந்தை எத்தனை மணிக்குப் போடுவது என்று நூறு கேள்வி கேட்கிற நாங்கள், இதை மட்டும் கேட்க மாட்டோம். தேவராஜிடம் கேட்போம்.

தேவராஜ் எங்களோடு வெல்டிங்கில் இருந்தவன். எங்கோ ஒருவனிடம் 'அந்த' மாத்திரை வாங்கிக் கொண்டுவருவான். கத்தரியால் நறுக்கிய அட்டைத் துண்டு. பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. மூக்குப்பொடி டப்பாவில் போட்டுக் கொடுப்பான். ஒரு சட்டையின் மேல் பையில் நெஞ்சுவலி மாத்திரை, உள் பையில் இது. அந்த இரண்டு பைகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு துணிதான் என்பது எனக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன செய்யும் என்று தெரியாது. சட்டம் போட்டவன் நான்; படித்தவன் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. இக்னேஷியஸ் பொட்டலங்களைப் போட்டுவிட்டு நேராகக் கரைக்கு வந்தான். முகத்தில் ஒரு களை. சீட்டியடித்தான். அவன் சீட்டியடித்து நான் கேட்டது கம்பெனியில் போனஸ் சண்டை ஜெயித்த வருடத்தில்தான். தேவராஜ் அவன் தோளில் கையைப் போட்டு 'ரகசியமாக'க் கேட்டான். ரயில்வே கேட்டில் நின்றவனெல்லாம் திரும்பிப் பார்த்திருப்பான்.

"இன்னா மாமே, வேல செஞ்சுதா?"

"மெல்ல பேசுடா நாதாரி."

"மெல்லத்தான பேசறேன். தலவலி வந்துச்சா?"

"லைட்டா. மூஞ்சிதான் அடுப்பாட்டம் எரிஞ்சுச்சு."

"அப்ப சரக்கு நல்ல சரக்கு. ரெண்டு நாள் தாங்கும்."

நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். சிரித்தேன். ரோஸி இனி ஃபேனைப் பற்றிப் பேசமாட்டாள் என்று நினைத்தேன். நல்லதுதானே என்றுகூட நினைத்தேன்.

மதகுக்குப் பக்கத்தில் அவன் நின்றான். சீட்டி அறுந்தது. இடது கை தானாக நெஞ்சுக்குப் போனது. சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டான்.

நான் பறந்தேன். எழுபது வயதில் அந்த முப்பது அடியை மூன்றே தாவலில் கடந்தேன். டப்பாவைத் திறந்து, அவன் தாடையைப் பிடித்து, நாக்கைத் தூக்கி, மாத்திரையை வைத்தேன். எண்ணி ஐந்து விநாடி. ஒத்திகையில்கூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. துலுக்கானத்துக்குச் செய்யாததை இவனுக்குச் செய்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன்.

தேவராஜ் முகம் சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது.

"வெச்சிட்டியா?"

"வெச்சாச்சு!"

"அய்யய்யோ எத்து... அத்த எடுடா. அத்த எடு. ரெண்டும் சேரக்கூடாதுன்னு குடுத்தவன் சொன்னான்டா. நாக்குல வெக்கிற மாத்திரை துன்றவன் இத்தத் தொடவே கூடாதுன்னான். நான் இவங்கிட்ட சொல்லல. சொன்னா வாங்கமாட்டானேன்னு..."

எமனை உட்கார வைத்தவன் யார் என்று இப்போது தெரிந்திருக்கும். நானேதான். மீசையை முறுக்கிவிட்டு, பாய் விரித்து உட்கார வைத்தேன்.

விரலை உள்ளே விட்டேன். வலியில் அவன் பல்லைக் கடித்தான். என் இரண்டு விரலும் அந்தப் பல்லுக்கு நடுவில் இருந்தன. விடவில்லை. கரைந்தது போக ஒரு ஓரம்தான் கையில் வந்தது. அதைத் தண்ணீரில் எறிந்தேன். மிச்சம் அவனுக்குள் போய்விட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் வெளுத்தான். அலசிப் போட்ட வேட்டி மாதிரி வெளுத்தான். கண் மேலே போனது. கூப்பிட்டால் பதில் இல்லை. மல்லாக்கக் கிடத்தி, அவன் இரண்டு காலையும் என் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்து ஆம்புலன்ஸுக்குக் கத்தினேன். போனில்தான் கத்தினேன், போன் இல்லாமலே அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

"நான் போயி ரோஸிய இட்டாறேன்" என்று தேவராஜ் ஓடினான். ரோஸியை அனுப்பினான், அதைச் சொல்லவேண்டும். அவன் வரவில்லை. போனை அணைத்துவிட்டான். அந்த மாத்திரையின் பெயர் தெரிந்த ஒரே ஆள் அவன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சபீனா என்று ஒரு சின்னப் பெண். இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் எழுபதுக்குக் கீழே போயிருந்ததாம். இரண்டு பாட்டில் இறங்கியதும் அவனுக்கு நினைவு வந்தது. ஐயப்பன்தாங்கல் ஃப்ளாட்டிலிருந்து அவன் மகன் ஜாக்சன் கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு வந்து சேர்ந்தான். ரோஸி நைட்டி மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நின்றாள். முழங்கை வரை மாவு காய்ந்து வெடித்திருந்தது.

நான் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன்? எனக்கு ஒரு மாதிரிதானே சொல்லத் தெரியும்.

"டாக்டரம்மா, இவன் அந்த மாத்திரை போட்டுகீறான்மா. ஆம்பள மாத்திரை. யானைக்குக் குடுத்தா யானை ரெண்டு நாள் நிக்கும். பத்து போட்டுகீறான்!"

"பத்தா?"

"பத்துக்குக் கொறையாது!"

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா..."

"அங்கிள்" என்றான் ஜாக்சன். "கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? மேடம், இவரு எப்பவும் இப்டித்தான். ஏரில முதலைய பாத்தேன்னு ஊரையே ஓடவெச்சவரு. எங்க டாடிய பத்தி எதுவும் எழுதிடாதீங்க."

முதலை விஷயம் உண்மை. அது உடும்பு.

டாக்டர் கட்டில் பக்கம் போனார். "சார், நெஞ்சு இப்ப எப்படி இருக்கு?"

"திரும்ப புடிக்குதும்மா. கல்லு வெச்சாப்புல."

"பி.பி. இப்ப நூத்தி இருபதுக்கு வந்துடுச்சு. ஈ.சி.ஜி.ல மாற்றம் இருக்கு. வலிக்கு ஒரு டிரிப் போடலாம். அதுவும் உங்க நாக்கடி மாத்திரை வகைதான். ஆனா அவரு சொல்ற மாத்திரைய நீங்க போட்டிருந்தா, அந்த டிரிப் உங்கள மறுபடி கீழ இறக்கிடும். இந்தத் தடவை ஏத்த முடியாமக்கூடப் போகலாம். அதனால கேக்கறேன். ரெண்டு நாளுக்குள்ள போட்டீங்களா?"

நர்ஸ் அந்த பாட்டிலைக் கம்பியில் மாட்டிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இக்னேஷியஸ் என்னைப் பார்த்தான். பிறகு மகனைப் பார்த்தான்.

"அவன் புளுகன்மா" என்றான். "நான் ஒண்ணும் போடல."

"நைனா, டேய்..."

"போடா! எவன் வாயில எவன் கைய வுட்டான்? ஒண்ணும் நடக்கல."

என் இரண்டு விரலிலும் அவன் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். ஜாக்சன் அதைப் பார்க்கவே இல்லை. நாய் கடித்தது என்று சொன்னால் நம்பியிருப்பான். நாற்பது வருடமாக வாயைத் திறந்தால் கூட்டம் சிரித்தது. நானும் அதற்காகவே திறந்தேன். அன்றைக்குச் சிரிப்பில்லாமல் ஒரே ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அது என்னிடம் இல்லை. "பத்து இல்லம்மா" என்றேன். "எத்தினின்னு தெரியாது. ஒண்ணோ, ரெண்டோ. சத்தியமா போட்டான்மா." சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது.

டாக்டர் கம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு சந்தேகமா இருக்கு சார். சந்தேகம் இருந்தா நான் இத ஓட்ட மாட்டேன். ஆனா வேற மருந்துக்குப் போகவும் எந்த மாத்திரை, எப்பன்னு தெரியணும். போடலேன்னு நீங்க எழுதிக் குடுத்தா..."

"குடுக்குறேன்" என்றான் இக்னேஷியஸ். "பேனா குடுங்க."

"ஜாக்சனு" என்றாள் ரோஸி. "நீ வெளிய போ."

"ஏம்மா?"

"போடான்னா போ."

"நான் எதுக்கும்மா போணும்?"

"அப்ப நில்லு. கேட்டுக்கோ." டாக்டர் பக்கம் திரும்பினாள். துப்பட்டாவின் நுனியைக் கசக்கிக்கொண்டே பேசினாள். "ரெண்டு வருசமா இவரு ஹால்லதான் படுப்பாரும்மா. சனிக்கெழம உள்ள வந்தாரு. நேத்து பூசைக்குப் போய்ட்டு வந்து, ராத்திரியும் வந்தாரு. மூஞ்செல்லாம் செவந்து கீது. தல வலிக்குதுன்னு தைலம் கேட்டாரு. எனுக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சு. இன்னாத்தையோ துன்னுட்டு வந்துகீறாருன்னு தெரிஞ்சிபோச்சும்மா. கேட்டா மனசு நோவும்னு கேக்கல."

ஜாக்சன் தன் கழுத்து அட்டையை எதற்கோ கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ரோஸி கட்டிலுக்குக் குனிந்தாள். "யோவ், நான் உன்ன அதுக்காய்யா கேட்டேன்? பக்கத்துல படுத்தா போதும்னுதானய்யா கேட்டேன். இருட்டுல ஒரு ஆளு மூச்சு கேட்டா போதும்னு. அத்த எப்டியா உனுக்கு வெளங்க வெப்பேன்?"

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசல் தகரத்தில் அது விழுகிற சத்தம் என் செவிட்டுக் காதுக்கே கேட்டது. நர்ஸின் கையில் குழாய் அப்படியே இருந்தது.

"ஜாக்சன் கீறானா?" என்றான் சுவரைப் பார்த்தபடியே.

"இருக்கேன் டாடி."

தலையணையில் அவன் காது வழியாக ஈரம் இறங்கியது. ரோஸி மாவுக் கையால் அதைத் துடைத்தாள். கன்னத்தில் வெள்ளையாய் ஒரு கோடு விழுந்தது.

"சனிக்கெழம ஒண்ணு" என்றான். "நேத்து ராத்திரி ஒண்ணு. பேரு தெரியாதும்மா. ரெண்டு நாள் தாங்கும்னான்."

டாக்டர் நர்ஸுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். ஜாக்சன் அறையை விட்டு வெளியே போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். இக்னேஷியஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பத்து இல்ல, ரெண்டு" என்றான். "மத்தபடி எத்து சொன்னது நடந்துச்சு."